எதிர்த்தரப்பையும் சொல்லும் பக்கங்கள்: வன்னியிலிருந்து மெய்யியலும் ஐயவாதமும் படித்த அனுபவம்

முல்லைத்தீவு மாவட்டத்தின் மேற்கே, மல்லாவிப் பகுதியில், க.பொ.த. உயர்தரக் கலைப்பிரிவு மாணவர்களுக்கு அளவையியலும் விஞ்ஞானமுறையும் என்ற பாடத்தைக் கற்பிக்கிறேன். அந்தப் பாடத்தை எடுத்தவர்களுக்கு அதன் போக்குத் தெரியும். நியாயத்தொடை, போலிகள் (சரிபோலத் தோன்றும் பிழையான வாதங்கள்), குறியீட்டு அளவையியல் என்று கணக்கைப் போலப் படிப்படியாகச் செல்வது, விஞ்ஞானமுறைப் பகுதிக்கு வந்தவுடன் பொப்பர், கூன், பெயராபென்ட் என்று விஞ்ஞான மெய்யியலாளர்களின் பெயர் வரிசையாகிவிடும். பரீட்சைக்குத் தேவையான அளவு குறிப்புகளில் இருக்கும். அதற்கு மேல் ஒரு கேள்வி எழுந்தால் குறிப்புகள் கைவிரித்துவிடும். “ரீச்சர், பொப்பர் சொன்னதைக் கூன் மறுத்தார் என்று எழுதியிருக்கிறது. அதைக் கேட்டுவிட்டுப் பொப்பர் சும்மா இருந்தவரா?” என்று ஒரு மாணவி கேட்டாள். பொப்பர் சும்மா இருக்கவில்லை. 1965ஆம் ஆண்டு லண்டனில் நடந்த கருத்தரங்கில் இருவரும் ஒரே மேடையில் வாதிட்டார்கள்; அந்த வாதங்கள் 1970இல் நூலாகவும் வந்தன. ஆனால் அப்படியொரு நூலைத் தேடி இங்கிருந்து மாங்குளம் போய், ஏ-9 வீதியில் பஸ் பிடித்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் வரை செல்வது பாடசாலைப் பிள்ளைக்கு நடக்கிற காரியம் அல்ல. ஆகவே ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் கூடுகிற எங்கள் சிறு வாசிப்புக் குழு, அதாவது சில மாணவர்கள், படித்து முடித்து வயலுக்கும் வேலைக்கும் போய்விட்ட சில பழைய மாணவர்கள், நான், எல்லோரும் கைபேசியையே நூலகமாக்கிக்கொண்டோம். அந்த நூலகத்தில் எது நின்று பயன் தந்தது, எதை எப்படி வாசித்தோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தமிழில் தத்துவம் என்று தேடினால் முதலில் வருபவை வாழ்க்கைத் தத்துவங்கள். சூரியன் உதிக்கும் படத்தின் மேல் எழுதப்பட்ட வாசகங்கள், அவற்றின் அடியில் சோக்கிரட்டீசின் பெயர். சோக்கிரட்டீஸ் எதையும் எழுதி வைத்தவர் அல்லர்; அவரைப் பற்றி நமக்குத் தெரிவது பிளேட்டோ, செனபோன் போன்றோர் எழுதியவற்றின் வழியாகத்தான். எனவே எந்த உரையாடலில் எந்த இடத்தில் வருகிறது என்று சொல்லாத சோக்கிரட்டீஸ் வாசகத்தை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை. இந்த ஒரு விதியை வைத்தாலே பாதிக் குப்பை கழிந்துவிடும். மறுபுறத்தில், பகுத்தறிவின் பெயரில் வரும் காணொளிகள் இருக்கின்றன. அவற்றில் சில நல்லவை. பெரும்பாலானவை கோயிலுக்குப் போகும் மனிதரைக் கேலி செய்வதையே வாதம் என்று எண்ணிக்கொள்பவை. அப்படியொரு காணொளியைப் பார்த்து முடித்தபின் பார்த்தவருக்கு ஒரு கெட்டித்தனம் வந்துவிட்டதாகத் தோன்றும், ஆனால் புதிதாக ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிந்திருக்காது. என் அனுபவத்தில் இவை பொன்மொழிப் படங்களைவிடக் கூடிய கெடுதல் செய்கின்றன.

தேடலில் அடுத்து வந்த சிக்கல், ஐயவாதம் என்ற ஒரே தலைப்பின் கீழ் இரண்டு வேறுபட்ட முயற்சிகள் கலந்து கிடப்பது. ஒன்று மிகப் பழையது. அலெக்சாந்தரின் படையோடு இந்தியா வரை வந்ததாகச் சொல்லப்படும் கிரேக்கரான பிர்ரோவிலிருந்து தொடங்கி, கிறித்துவுக்குப் பின் இரண்டாம் நூற்றாண்டளவில் வாழ்ந்த மருத்துவரான செக்ஸ்டஸ் எம்பிரிக்கஸின் நூல்களில் நமக்குக் கிடைக்கும் மரபு அது. எந்தக் கூற்றுக்கும் சமவலிமையுள்ள எதிர்க்கூற்றை நிறுத்தி, தீர்ப்பை ஒத்திவைத்து, அதன் வழியாக மன அமைதியை அடைவது அவர்களின் நோக்கம். மற்றது அண்மைக் காலத்தது: பேய், சோதிடம், அற்புத மருந்து போன்ற குறிப்பிட்ட உரிமைகோரல்களைச் சான்றைக்கொண்டு சோதிப்பது. முன்னவர் அறிவே கைகூடுமா என்று கேட்கிறார்; பின்னவர் அறிவியலின் முறையை ஏற்றுக்கொண்டு, இந்தக் கூற்று அதில் தேறுமா என்று பார்க்கிறார். இந்த வேறுபாடு பிடிபடாத வரை எங்கள் குழுவில் விவாதம் கட்சி மாறிக்கொண்டே இருந்தது. ஒருவர் சோதிடத்தை மறுக்கத் தொடங்குவார். இன்னொருவர், எதையுமே உறுதியாக அறிய முடியாது என்றால் சோதிடம் பொய் என்று மட்டும் எப்படி அறிந்தாய் என்று மடக்குவார். இரண்டுக்கும் வேறு வேறு வாசிப்பு வேண்டும் என்று பிரித்துக்கொண்ட பிறகே படிப்பு ஒழுங்குக்கு வந்தது.

மெய்யியல் பக்கத்துக்கு எங்களுடைய முதன்மையான இடம் ஸ்டான்போர்ட் மெய்யியல் கலைக்களஞ்சியம். 1995இல் தொடங்கிய இது முற்றிலும் இலவசம். ஒவ்வொரு கட்டுரையையும் அத்துறையைச் சேர்ந்த ஒருவர் தம் பெயரில் எழுதுகிறார். வெளிவருமுன் வேறு அறிஞர்கள் அதை மதிப்பிடுகிறார்கள். எப்போது முதலில் வெளியானது, எப்போது திருத்தப்பட்டது என்பது தலைப்பின் கீழேயே இருக்கும். காலாண்டுக்கு ஒருமுறை அப்போதிருந்த வடிவம் அப்படியே காப்பகத்தில் நிறுத்தப்படுவதால் பழைய வடிவத்தையும் எடுத்துப் பார்க்கலாம். பெரும்பாலும் வெறும் எழுத்து என்பதால் எங்கள் பக்கத்துச் சிக்னலுக்கும் திறந்துவிடும், இதையும் ஒரு தகுதியாகவே கொள்ள வேண்டும். ஆனால் தொடக்கநிலை மாணவர் இதை மேலிருந்து கீழாக வாசிக்க முயன்றால் மூன்றாம் பந்தியிலேயே களைத்துப்போவார். நாங்கள் முன்னுரையை வாசிப்போம், உள்ளடக்கப் பட்டியலைப் பார்ப்போம், பிறகு நேரே மறுப்புகள் பற்றிய பகுதிக்குப் போவோம். ஒரு கொள்கையை எதிர்ப்பவர்கள் எந்த இடத்தில் கை வைக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால், அந்தக் கொள்கை என்ன சொல்கிறது என்பது தானாகத் துலங்கிவிடும். பொப்பர் பற்றிய கேள்விக்கும் இந்த வழியில்தான் விடை தேடினோம்.

அதே 1995இல் ஜேம்ஸ் ஃபீசர் தொடங்கிய இணைய மெய்யியல் கலைக்களஞ்சியம் கொஞ்சம் எளிய ஆங்கிலத்தில் இருக்கிறது. அதையும்விடச் சிறிதாக வேண்டுமானால், ஒரு பொருளை ஏறத்தாழ ஆயிரம் சொற்களில் முடித்துவிடும் ஆயிரஞ்சொல் மெய்யியல் என்ற கட்டுரைத் தொகுப்பு இருக்கிறது. ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளைக்கு நான் முதலில் கொடுப்பது இதைத்தான். ஒரு பின்னேரத்துக்குள் அகராதியை வைத்துக்கொண்டு ஒரு கட்டுரையை முடித்துவிடலாம் என்ற நம்பிக்கையே அந்தப் பிள்ளையை அடுத்த ஞாயிறும் வரவைக்கும்.

மூலநூல்களைப் பொறுத்தவரை, ஜொனதன் பெனட் என்ற மெய்யியலாளர் எங்களைப் போன்றவர்களுக்குச் செய்த உதவி பெரிது. டேக்கார்ட், லொக், ஹியூம் முதலானோரின் நூல்களை இன்றைய மாணவர் வாசிக்கக்கூடிய நேரான ஆங்கிலத்தில் மாற்றி எழுதி, இலவசமாகத் தம் தளத்தில் வைத்தவர் அவர். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலம் ஆங்கிலேயருக்கே கடினம் என்பதை ஒளிக்காமல் சொல்லித்தான் அந்த வேலையைச் செய்தார். எனக்குப் பிடித்தது அவருடைய நேர்மை: தாம் சேர்த்த சொற்களுக்குச் சிறு புள்ளி, தம் விளக்கத்துக்கு அடைப்புக்குறி, விட்ட இடத்துக்கு வேறொரு குறி என்று, எங்கெங்கே கை வைத்தார் என்பதை வாசகர் கண்ணில் படும்படி காட்டியிருக்கிறார். டேக்கார்ட் 1641இல் வெளியிட்ட தியானங்களின் முதலாவதை, புலன்கள் ஏமாற்றுவதிலிருந்து கனவுக்கும், கனவிலிருந்து வஞ்சகப் பேய்க்கும் ஐயம் ஏறிச் செல்லும் அந்தப் பகுதியை, பெனட்டின் வடிவத்தில் குழுவாகச் சத்தமிட்டு வாசித்தோம். மூலத்தின் பழைய மொழிபெயர்ப்புகள் குட்டன்பர்க் திட்டம் என்ற இலவச மின்னூல் தளத்தில் இருக்கின்றன. ஒரு பந்தியில் ஐயம் வந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

கேட்டுப் படிக்க விரும்புபவர்களுக்குப் பீட்டர் அடம்சன் 2010இல் தொடங்கிய, இடைவெளியே இல்லாத மெய்யியல் வரலாறு என்ற ஒலித்தொடர் இருக்கிறது. கிரேக்கத்தோடு நிற்காமல் இஸ்லாமிய உலகத்துக்கும் செல்லும் அத்தொடர், ஜொனார்டன் கணேரியோடு சேர்ந்து இந்திய மெய்யியலையும் தனியாக எடுத்துச் சொல்கிறது. கோப்புகளை ஒரேயடியாக இறக்கி வைத்துக்கொண்டால் வவுனியா போய்வரும் பஸ்ஸில் கேட்கலாம். காணொளிகளில் ஹார்வர்டில் மைக்கல் சாண்டல் நடத்திய நீதி பற்றிய விரிவுரைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. எங்கள் டேட்டாவுக்கு அவை கட்டுப்படியாகவில்லை என்பதற்கு மேல் அவற்றைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

இவ்வளவும் ஆங்கிலம். தமிழில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு, தேடுகிறவர் நினைப்பதைவிட அதிகம் இருக்கிறது என்பதே என் பதில். ஆனால் அது தத்துவம் என்ற பெயர்ப்பலகையின் கீழ் இல்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இலவசத் தமிழ் மின்னூல் தொகுப்பில் மணிமேகலை முழுமையாகக் கிடைக்கிறது. அதன் 27ஆம் காதையில் அளவைவாதி முதல் பூதவாதி வரை பத்துச் சமயக்கணக்கர் வரிசையாக வந்து தத்தம் கொள்கையைச் சொல்கிறார்கள். அளவைவாதி காட்சி, கருத்து என்று அறிவின் வாயில்களை எண்ணிச் சொல்லும் இடத்தை உயர்தர வகுப்பில் வாசித்துக் காட்டினால், அளவையியல் மேல்நாட்டிலிருந்து கப்பலில் வந்த பாடம் என்று எண்ணியிருந்த பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். 29ஆம் காதை இன்னும் கடினமானது. பௌத்த அளவையியலின் ஏதுப்போலிகளும் எடுத்துக்காட்டுப் போலிகளும் அங்கே வகைப்படுத்தப்படுகின்றன. உரை இல்லாமல் அதைத் தொட வேண்டாம். உரைநூல்களுக்கும், இலங்கையில் தமிழில் வெளியான மெய்யியல், அளவையியல் நூல்களுக்கும், பழைய சஞ்சிகைகளுக்கும் 2005இல் தொடங்கிய நூலகம் தளம் இருக்கிறது. போர்க்காலத்தில் வீடுகளோடு புத்தகங்களையும் இழந்த பிரதேசத்தில் இருந்து பார்க்கும்போது, யாரோ ஒருவர் தம் பிரதியைக் கொடுத்து, இன்னொருவர் பக்கம் பக்கமாக வருடி ஏற்றிவைத்த அந்தக் கோப்புகளின் பெறுமதி வேறு.

நல்ல வளத்துக்கு நான் வைத்திருக்கும் அளவுகோலும் இந்த மரபிலிருந்து வந்ததுதான். சைவசித்தாந்த நூலான சிவஞான சித்தியார் பரபக்கம் (பிறர் கொள்கை), சுபக்கம் (தம் கொள்கை) என்று இரண்டு பகுதிகளாக இருக்கிறது. அருணந்தி சிவாசாரியார் தம் கொள்கையை நிறுவுமுன், உலகாயதர் எனப்படும் பொருள்முதல்வாதிகள் தொடங்கிப் பிறருடைய கொள்கைகளை எடுத்துச் சொல்லி, அதன் பிறகே மறுக்கிறார். ஆகவே எந்தத் தளத்தைத் திறந்தாலும் நாங்கள் கேட்பது, இதில் பரபக்கம் இருக்கிறதா என்பதே. எதிராளி வாயைத் திறந்து பேச இடம் தராத பக்கத்தை, அது நமக்குப் பிடித்த கட்சியைச் சேர்ந்ததாக இருந்தாலும், மூடிவிடலாம்.

ஆனால் இதே அளவுகோல் இன்னொரு எச்சரிக்கையையும் கேட்கிறது. பரபக்கத்தில் வரும் உலகாயதரை எழுதியவர் உலகாயதர் அல்லர். மணிமேகலையில் உலகாயதரை ஒத்த பூதவாதியைப் பேசவைத்தவர் பௌத்தர். உலகாயதரின் சொந்த நூல்கள் ஏறத்தாழ முழுவதும் அழிந்துபோய்விட்டன; இன்று அவர்களைப் பற்றிச் சொல்லப்படுவதில் பெரும்பகுதி அவர்களை மறுத்தவர்களின் வாய்மொழி. அந்தப் பக்கத்திலிருந்து தப்பி வந்த நூல் என்று பலர் கொள்வது சயராசி பட்டர் எழுதிய ஒரு வடமொழி நூல். அதுவும் ஓலைச்சுவடியாகக் கிடந்து 1940இல்தான் அச்சேறியது. அவரோ உலகாயதரைவிட ஒரு படி மேலே போய், எந்த அளவையையும், அதாவது அறிவைப் பெறும் எந்த வழியையும், ஐயமற நிறுவ முடியாது என்று வாதிட்ட முழு ஐயவாதி. ஸ்டான்போர்ட் கலைக்களஞ்சியத்தில் அவருக்குத் தனிக் கட்டுரை இருக்கிறது. செக்ஸ்டஸையும் சயராசியையும் அடுத்தடுத்த வாரங்களில் வாசிப்பது நல்ல பயிற்சி. ஒரு கூற்றுக்குக் காரணம் கேட்டால், காரணத்துக்குக் காரணம் என்று முடிவில்லாமல் போகும், அல்லது வட்டமாகத் திரும்பி வரும், அல்லது வெறும் எடுகோளில் நின்றுவிடும் என்ற கிரேக்கரின் மடக்கை எங்கள் பிள்ளைகள் இப்போது வீட்டில் தம் தாய் தகப்பன்மாரிடம் பயன்படுத்துவதாக முறைப்பாடு வந்திருக்கிறது.

இனி, உரிமைகோரல்களைச் சோதிக்கும் பக்கம். இலங்கைத் தமிழருக்கு இந்த வழியில் முதலில் நினைவுக்கு வருபவர் ஆபிரகாம் கோவூர். 1898இல் கேரளத்தில் பிறந்து, 1928இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவர். 1959இல் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் பகுத்தறிவுச் சங்கத்தின் தலைவராக இருந்து, 1978இல் காலமானார். அற்புத சக்தி உண்டு என்போர் மோசடிக்கு இடமற்ற நிபந்தனைகளின் கீழ் அதைக் காட்டினால் ஓர் இலட்சம் ரூபாய் தருவதாக அவர் விடுத்த சவால் பிரபலமானது. முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் நாணயத்தாளின் இலக்கத்தை வாசிப்பது அவர் பட்டியலில் ஒன்று. மாணவர்களுக்கு நான் காட்டுவது பரிசுத் தொகையை அல்ல, அந்த நிபந்தனையின் அமைப்பை. விடை சரியா பிழையா என்பதில் வாதத்துக்கு இடமில்லை, தற்செயலாகச் சரிவரும் வாய்ப்பு மிகக் குறைவு. அதேவேளை கோவூர் விவரிக்கும் பேய் விரட்டிய கதைகளை அதே கண்ணோடு வாசிக்க வேண்டும். அங்கே சாட்சியும் விசாரணையாளரும் மருத்துவரும் அவர் ஒருவரே. இதைச் சொன்னால் சில பகுத்தறிவு நண்பர்களுக்குக் கோபம் வருகிறது.

எங்கள் குழு அதிக நாள் செலவிட்டது கிணற்றுக்கு நிலையம் பார்ப்பதில். வன்னியில் கிணறு வெட்டுமுன் ஒருவரை அழைத்து நிலையம் பார்ப்பது, அதாவது நிலத்தடியில் தண்ணீர் இருக்கும் இடத்தைக் குறிப்பது, வழக்கம். சிலர் கவர்த்தடியோடு நடப்பார்கள், சிலர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடப்பார்கள். நீரோட்டம் உள்ள இடத்தில் தடி தாழும், தேங்காய் நிமிரும். குழுவில் உள்ள ஒரு மாணவனின் பெரியப்பா கிணறு வெட்ட இருந்த நேரத்தில், அவன் இணையத்தில் தேடி, இது விஞ்ஞானத்தால் நிரூபிக்கப்பட்டுவிட்டது என்று ஒரு கட்டுரையைக் கொண்டுவந்தான். அதுவும் இலங்கையிலேயே நிரூபிக்கப்பட்டதாம். விளையாட்டாகத் தள்ளிவிடக்கூடிய கட்டுரையாக அது இல்லை. ஜெர்மன் இயற்பியலாளர் ஹான்ஸ் டீட்டர் பெட்ஸ் 1995இல் ஓர் ஆய்வு இதழில் எழுதிய அறிக்கையை அது ஆதாரமாகக் காட்டியது. ஜெர்மன் அரசின் தொழில்நுட்ப உதவித் திட்டத்தின் கீழ் இலங்கையில் 691 குழாய்க்கிணறுகள் நீர் பார்ப்பவர் ஒருவரின் வழிகாட்டலில் துளைக்கப்பட்டன என்றும், அவற்றில் 96 சதவீதம் வெற்றி என்றும் அந்த அறிக்கை சொல்கிறது.

பெரிய எண்ணிக்கை, படித்த ஆய்வாளர், நம் நாட்டு நிலம். இங்கேதான் இத்தனை நாள் படித்த மெய்யியல் வேலைக்கு வந்தது. அறிக்கை அந்த இதழின் தளத்தில் இலவசமாகவே இருந்தபடியால், அதைப் பற்றி எழுதியவர்களை விட்டுவிட்டு அதையே வாசித்தோம். பிறகு மூன்று கேள்விகளைக் கரும்பலகையில் எழுதினோம். வெற்றி என்று எதை எண்ணினார்கள், நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் வந்தால் வெற்றி? அதே பிரதேசங்களில், அதே காலத்தில், நிலையம் பார்க்காமல் குருட்டுத்தனமாகத் தெரிந்தெடுத்த இடங்களிலும் துளைத்து ஒப்பிட்டார்களா? நீர் பார்த்தவர் தடியைத்தான் நம்பினாரா, அல்லது பல ஆண்டு அனுபவத்தில் மண்ணையும் மரத்தையும் சரிவையும் படித்தாரா? இரண்டாவது கேள்வியில் எல்லாம் தங்கியிருந்தது. ஒப்பிட வேறொரு வரிசை இல்லாமல் 96 என்ற எண் தனியாக ஒன்றும் சொல்லாது.

பெட்ஸின் குழுவே 1987–88இல் மியூனிக் அருகே ஒரு களஞ்சியத்தில் கட்டுப்பாட்டுடன் பரிசோதனை நடத்தியிருக்கிறது. கீழ்த்தளத்தில் இடம் மாற்றி வைக்கப்படும் தண்ணீர்க் குழாயை மேல்தளத்தில் நடப்பவர் கண்டுபிடிக்க வேண்டும். தேர்ந்தெடுத்த 43 பேர், 843 முயற்சிகள். பெரும்பாலானோர் தேறவில்லை, ஆனால் சிலரிடம் உண்மையான திறன் தெரிகிறது என்று ஆய்வாளர்கள் முடிவு கூறினார்கள். அதே தரவுகளை எடுத்து மறுபடி கணக்கிட்ட ஜேம்ஸ் என்ரைட் என்ற அமெரிக்க விஞ்ஞானி, இத்தனை பேரில் சிலர் தற்செயலாகவே நன்றாகத் தெரிவார்கள், அந்தச் சிலராலும் அடுத்த சுற்றில் அதே திறனைக் காட்ட முடியவில்லை என்று எழுதினார். ஜெர்மன் தரப்பு அதற்குப் பதில் எழுதியது. என்ரைட் 1999இல் ஸ்கெப்டிக்கல் இன்குவயரர் இதழில் பொதுவாசகருக்காக எழுதிய கட்டுரை இணையத்தில் கிடைக்கிறது. 1976இல் அமெரிக்காவில் தொடங்கிய இயக்கமொன்றின் இதழ் அது. தரம் எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை, ஆனால் தரவைக் காட்டி வாதிடும் கட்டுரைகள் அதில் உண்டு. இரு தரப்பையும் வாசித்தபின் குழுவில் பெரும்பான்மை என்ரைட்டின் பக்கம் நின்றது. நானும்தான்.

தடி ஏன் தாழ்கிறது என்பதற்கு வேறொரு விளக்கம் தேடினோம். மனத்தின் எதிர்பார்ப்பே, ஆளுக்குத் தெரியாமல் தசையைச் சிறிதளவு அசைக்கும் என்பதை 1852இல் வில்லியம் கார்ப்பெண்டர் என்ற ஆங்கில உடலியலாளர் விளக்கியிருக்கிறார். இது பிள்ளைகளுக்கு ஒரு முக்கியமான செய்தி: நிலையம் பார்க்கும் ஐயா ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஊரில் மதிப்புள்ள மனிதர், பல வீடுகளுக்குக் காசு வாங்காமல் பார்த்துக் கொடுப்பவர். அவரைப் பொய்யர் என்று சொல்லாமலே அவர் முறையை ஐயுறலாம் என்பதை எந்தக் கேலிக் காணொளியும் அவர்களுக்குக் கற்பித்திருக்காது.

பெரியப்பா நிலையம் பார்த்த இடத்திலேயே வெட்டினார், தண்ணீரும் வந்தது. குளத்துக்குக் கீழான காணி அது. அயலில் நிலையம் பார்க்காமல் வெட்டிய கிணறுகளிலும் தண்ணீர் நிற்கிறது. “உங்கட ஜெர்மன்காரர் என்னத்தை எழுதினாலும் எழுதட்டும் தம்பி, தண்ணி வந்திட்டுதெல்லோ” என்று அவர் சொன்னதாக மாணவன் வந்து சொன்னான். அந்த வசனத்தையே அடுத்த வகுப்பில் போலிகளுக்கு உதாரணமாக எடுத்துக்கொண்டோம், அவருடைய பெயரை விட்டுவிட்டு.

பாம்புக்கடியும் இதே தருக்கந்தான், ஆனால் அங்கே விளையாட்டு இல்லை. நஞ்சற்ற பாம்புகளின் கடிகளும், நச்சுப்பாம்பு கடித்தும் நஞ்சு உள்ளே செலுத்தாத கடிகளும் கணிசமானவை. அவற்றில் பிழைத்தவர்கள் எல்லோரும் விசக்கல்லுக்கும் மந்திரத்துக்கும் சாட்சிகளாகிறார்கள், பிழைக்காதவர்கள் சாட்சி சொல்ல வருவதில்லை. கடிபட்டவரை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதை நான் விவாதத்துக்கு விடுவதில்லை.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலை யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன், கேட்டார்கள். கடல்நீரில் விளக்கெரியும் அந்த வழிபாட்டை ஹியூமை வைத்துப் பேசலாமா என்று ஒருவர் கேட்டார். 1748இல் வெளியான நூலில் அற்புதங்கள் பற்றிய அத்தியாயத்தில் ஹியூம் செய்வது சாட்சியத்தை எடைபோடுவது: சாட்சி சொல்பவர் தவறியிருப்பது, சொல்லப்படும் நிகழ்ச்சியைவிடப் பெரிய அற்புதமாக இருந்தாலன்றி நம்பாதே என்பது அவர் விதி. அதற்கு ரிச்சர்ட் பிரைஸ் போன்றோர் அவர் காலத்திலேயே பதில் எழுதினார்கள். ஸ்டான்போர்ட் கலைக்களஞ்சியத்தின் அற்புதங்கள் பற்றிய கட்டுரை இரு பக்கத்தையும் தருகிறது. நாங்கள் அந்தக் கட்டுரையை வாசித்தோம், விளக்கைச் சோதிப்பது பற்றிப் பேசவில்லை. முள்ளியவளையில் தாய்வீடு உள்ள பிள்ளை ஒருத்தி, அந்தப் பொங்கலுக்குப் போகிறவர்கள் நிரூபணம் தேடிப் போவதில்லை என்றாள்; இன்னொருவன், அப்படியானால் அற்புதம் என்று ஏன் சொல்ல வேண்டும் என்றான். அந்த வாதம் இன்னும் முடியவில்லை, அதை முடித்துவைப்பது என் வேலை என்றும் நான் நினைக்கவில்லை.

நடைமுறை பற்றிச் சில சொல்ல வேண்டும். 2022இல் நாட்டில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில், இறக்கி வைக்காத எதுவும் நம்முடையது அல்ல என்று தெரிந்துகொண்டோம். சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் ஒருவர் கட்டுரைகளைச் சேமித்து, மற்றவர்களுக்கு நினைவக அட்டையில் கொடுப்பார். கிவிக்ஸ் என்ற இலவசச் செயலியைக்கொண்டு தமிழ் விக்கிப்பீடியாவையே கைபேசியில் இறக்கி, இணைப்பு இல்லாமல் வாசிக்கலாம். வாட்ஸப்பில் வரும் செய்திகளைச் சரிபார்க்கத் தமிழ்நாட்டின் யூடர்ன், இலங்கைக்கென்று தமிழிலும் இயங்கும் ஃபாக்ட் கிரெசென்டோ ஆகியவை உதவுகின்றன. அங்கேயும் முடிவைவிட, அதற்கு எப்படி வந்தார்கள் என்று காட்டும் பகுதியையே பார்க்கச் சொல்கிறேன்.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளை இப்போது பிள்ளைகள் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். கடினமான ஆங்கில வசனத்தை உடைத்து விளங்கிக்கொள்ளவும், தம் வாதத்துக்கு எதிர்வாதம் கேட்டுப் பார்க்கவும் அவை நல்லவை. ஆனால் இல்லாத நூலுக்கு ஆசிரியர், ஆண்டு, பக்க எண் எல்லாம் சேர்த்து, உறுதியான குரலில் அவை தந்துவிடும். ஆகவே உரையாடி தரும் எந்த மேற்கோளையும் மூலத்தில் கண்ணால் காணும் வரை கொப்பியில் எழுதக்கூடாது என்பது குழுவின் கட்டுப்பாடு.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்லும் ஒழுங்கு இதுதான்: ஆயிரஞ்சொல் கட்டுரைகளில் அறிவு பற்றிய சிலவற்றை முதலில் வாசிக்கவும், பிறகு மணிமேகலையின் 27ஆம் காதையை உரையோடு, அதன் பின் டேக்கார்ட்டின் முதல் தியானத்தைப் பெனட்டின் வடிவத்தில், அதன் பிறகே கலைக்களஞ்சியங்களுக்குள் நுழையவும். ஜெர்மன் மெய்யியலாளர் காண்ட்டை அவசரப்பட்டுத் தொட வேண்டாம். ஹியூம்தான் தம்மை உறக்கத்திலிருந்து எழுப்பினார் என்று காண்ட்டே எழுதியிருக்கிறார். எங்கள் குழு இன்னும் ஹியூமின் காரணகாரியப் பகுதியில் நிற்கிறது, காலபோக விதைப்பு முடிந்து எல்லோரும் திரும்பி வந்தபின் அதைத் தொடர வேண்டும்.